வலி தோன்றுமுன் வருதல்: நாட்பட்ட நோய்த் தடுப்பில் மக்களை ஈடுபடுத்தும் முறை

வாந்திபேதி கண்ட ஊரில் நோயாளியை மருத்துவரிடம் அனுப்பத் தனியாக ஒருவர் சென்று வற்புறுத்த வேண்டியதில்லை. நோயின் வேதனையே அவனை அழைத்து வந்துவிடும். எலும்பு முறிந்தவனும் பாம்பு கடித்தவனும் அவ்வாறே. ஆனால், உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய அழைப்பு எதையும் விடுப்பதில்லை. இரத்த அழுத்தம் மிகுந்துள்ள உழவர் வழக்கம்போல் உழுகிறார், உண்கிறார், உறங்குகிறார். அவருடைய இரத்தக் குழாய்களும் இதயமும் சிறுநீரகமும் மெல்ல மெல்லச் சீர்கெடுவதை அவர் உணர்வதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ நேர்ந்த பின்னரே நோய் தன் பெயரை அறிவிக்கிறது. அப்பொழுது குடும்பத்தின் உழைப்பாளி படுக்கையில் வீழ்கிறார். சேமிப்பும் நிலமும் மருத்துவச் செலவிற்குப் போகின்றன.

இந்நோய்களின் பரப்பு சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் 2008 முதல் 2020 வரை நடத்தப்பட்ட பேராய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. நீரிழிவு உள்ளோரின் எண்ணிக்கை மட்டும் 10 கோடிக்கு மேல். நோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனைகளுக்கு மக்கள் எந்த அளவில் வருகின்றனர் என்பதற்கு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு ஒரு சான்று தருகிறது. 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை எப்பொழுதேனும் செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதத்தினர் மட்டுமே. மார்பகச் சோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதத்தினர்.

நோய் பெரிது, வருகை சிறிது. இவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பு பெரும்பாலும் கிராமப் பணியாளரையும் ஆசிரியரையும் சார்ந்துள்ளது.

அறியாமைதான் காரணமா?

மக்கள் வராததற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. அதனைத் தொடர்ந்து, பிரசாரத்தைப் பெருக்கினால் வருகையும் பெருகும் என்ற முடிவுக்கு வருவதும் எளிது. இம்முடிவு முற்றிலும் சரியன்று என்பதைக் காட்டும் ஆராய்ச்சி ஒன்று பல ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் நடைபெற்றது.

பெங்களூரில் 1959-ல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள், தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் நுரையீரல் காசநோய் உள்ளவர்களைச் சந்தித்து, அவர்கள் தம் நோய்க்குறிகளை அறிந்திருந்தனரா, அறிந்தபின் என்ன செய்தனர் என்று விசாரித்தனர். முடிவுகள் 1963-ல் வெளியாயின. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் கோளாறு இருப்பதை அறிந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ நிலையங்களை நாடியும் சென்றிருந்தனர். ஆனால், சென்றவர்கள் பலருக்குச் சளிச் சோதனை செய்யப்படவில்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டனர். மக்கள் தேடி வந்தபொழுது அமைப்பு அவர்களுக்குப் பயன்படவில்லை என்பதே இதன் பொருள். தேசிய காசநோய்த் திட்டம், மக்கள் இயல்பாகச் செல்லும் பொது மருத்துவ நிலையங்களிலேயே சோதனையையும் சிகிச்சையையும் அமைக்க முற்பட்டதற்கு இவ்வுண்மை ஒரு முக்கிய காரணமாகும்.

காசநோய் இருமலையும் காய்ச்சலையும் தந்து நோயாளியை எச்சரிக்கிறது. இரத்த அழுத்தமோ அந்த எச்சரிக்கையையும் தருவதில்லை. ஆகவே, இந்நோய்களைப் பொறுத்தவரை எடுத்துரைத்தலும் வேண்டும். எடுத்துரைத்ததை நம்பி வருபவர் வெறுங்கையுடன் திரும்பாதபடி காத்தலும் வேண்டும். இரண்டில் பின்னது இல்லாவிடில் முன்னதால் தீமையே விளையும். ஒருமுறை ஏமாந்து திரும்பியவர், தாம் வராததோடு அண்டை வீட்டாரையும் வரவிடார்.

வருகையைத் தடுப்பவை

மக்களின் தயக்கத்திற்குப் பெரும்பாலும் நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றை அறியாது அறிவுரை கூறுவதால் பயனில்லை.

முதலாவது, கூலி இழப்பு. நாட்கூலி பெறுபவருக்குக் காலை நேரம் முழுவதும் நிலையத்தில் காத்திருப்பது ஒருநாள் உணவை இழப்பதாகும். உடம்பில் வலியின்றி இருக்கையில் இவ்விழப்பை ஏற்க அவர் மனம் ஒப்புவதில்லை.

இரண்டாவது, அச்சம். “சோதித்தால்தானே நோய் என்பார்கள், சோதிக்காதவரை ஒன்றுமில்லை” என்ற எண்ணம் படித்தவரிடையேயும் உண்டு. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் மரணத்தை நினைப்பவர்களுக்குச் சோதனையே தண்டனையாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, நாணம். மார்பக, கருப்பை வாய்ச் சோதனைகளுக்குத் தனியறையும் பெண் பணியாளரும் இல்லாத இடத்திற்குப் பெண்கள் வாரார், வராததில் வியப்புமில்லை. வீட்டு மூத்தோரின் இசைவின்றி வெளியே செல்ல இயலாத மருமகளும் உண்டு. அங்கே மாமியாரிடம் முதலில் பேசுவதே தக்கது.

நான்காவது, மருந்தைப் பற்றிய எண்ணம். “மாத்திரையைத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது” என்பது பரவலான கருத்து. இதற்குச் சில பணியாளர்கள், “சில நாள் சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்று ஆறுதல் கூறிவிடுகின்றனர். இது தவறு. அழுத்தம் குறைந்ததும் நோயாளி மாத்திரையை நிறுத்துவார். அழுத்தம் மீண்டும் ஏறும். பெரும்பாலோருக்கு நெடுங்காலம் மருந்து தேவைப்படும் என்ற உண்மையைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். நாள்தோறும் பயிருக்கு நீர் பாய்ச்சுபவருக்கு, நாள்தோறும் ஒரு மாத்திரை என்பதன் பொருளை விளக்குதல் கடினமன்று.

இன்றுள்ள அமைப்பு

புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 2010-ல் 100 மாவட்டங்களில் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. 2018 முதல் துணைச் சுகாதார நிலையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் நலவாழ்வு மையங்களாக உயர்த்தப்பட்டன; 2023-ல் இவற்றிற்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற பெயர் சூட்டப்பட்டது. 30 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் ஆண்டுக்கு ஒருமுறையும், வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்க்கான சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் செய்யப்பட வேண்டும் என்பது திட்டத்தின் நெறி.

முதற்படியாக, ஆஷா பணியாளர் வீடுதோறும் சென்று ஒரு படிவத்தை நிரப்புகிறார். வயது, புகையிலைப் பழக்கம், மதுப் பழக்கம், இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் இந்நோய்கள் இருந்தமை ஆகியவற்றிற்கு மதிப்பெண் இடப்படுகிறது. மொத்தம் 4-க்கு மேற்பட்டால் அவரை முதலில் சோதனைக்கு அழைத்துவர வேண்டும். 4-க்குக் குறைந்தவருக்குச் சோதனை வேண்டாம் என்று கொள்ளலாகாது. 30 வயது நிறைந்த அனைவரும் சோதிக்கப்பட வேண்டியவர்களே.

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பினும், எந்நேரத்திலும் எடுத்த இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பினும் அவரை மருத்துவ அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். இவ்வளவுகளைக் கண்டதும் நோய் உறுதி என்று பணியாளர் அறிவித்துவிடக் கூடாது. மறுமுறை அளந்தும் உரிய இரத்தச் சோதனை செய்தும் மருத்துவரே அதனை முடிவு செய்வார். அளக்குமுன் ஐந்து நிமிடமேனும் அமர்ந்து இளைப்பாறச் செய்தல், அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் தேநீரோ புகையிலையோ கொள்ளாதிருத்தல், கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைத்தல் ஆகியவை பிழையைக் குறைக்கும். வயலிலிருந்து விரைந்து வந்தவரை உடனே அளந்து, தவறான எண்ணைச் சொல்லி அச்சுறுத்தினால், அடுத்த ஆண்டு அவர் வாரார்.

வாசலுக்குச் சென்ற சோதனை

சோதனையை மக்களின் வாழிடத்திற்குக் கொண்டு சென்றால் என்ன நிகழும் என்பதற்கு இந்நாட்டிலேயே இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகள் உள.

முதலாவது மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை நடத்தியது. 1998-ல் தொடங்கிய இவ்வாய்வில், பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. கருப்பை வாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்த்து அறியும் எளிய முறையை அவர்கள் கற்றனர். நகரின் குடிசைப் பகுதிகளில், பெண்களின் இருப்பிடத்திற்கு அருகிலேயே சோதனை நடைபெற்றது. அழைக்கப்பட்ட சுமார் 75,000 பெண்களில் 89 சதவீதத்தினர் பங்கேற்றனர். சோதனை நடைபெற்ற பகுதிகளில் இப்புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள், சோதனை நடைபெறாத பகுதிகளைவிட 31 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியான கட்டுரை தெரிவித்தது. நாடளாவிய 1.9 சதவீதத்தையும் இந்த 89 சதவீதத்தையும் ஒப்பிடுக. இரு தொகையினரும் இந்தியப் பெண்களே. வேறுபாடு, சோதனை அவர்களை அணுகிய முறையில் இருந்தது.

இரண்டாவது, 1996-ல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆய்வு. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் அறிவிக்கப்பட்டது. எனினும், இவ்வாய்வில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஐயத்திற்குரிய புண்ணோ வெண்படலமோ காணப்பட்டு, மருத்துவரிடம் செல்லுமாறு கூறப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் செல்லவில்லை. வீட்டு வாசலில் வாயைத் திறந்து காட்டியவர்களே, அடுத்த அடியை எடுத்து வைக்கத் தயங்கினர். இவர்களே மிகுந்த ஆபத்தில் உள்ளவர்கள் என்பதை மறக்கலாகாது.

முதல் வருகையை எளிதாக்கல்

மேற்கூறியவற்றிலிருந்து கிராமப் பணியாளர் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் புலனாகின்றன.

சோதனை நாளை மக்களின் வேலை நேரத்தைக் கருதி அமைக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வீடு வீடாகச் செல்பவர் பெரும்பாலும் பெண்களையும் முதியோரையுமே சந்திப்பார். புகையிலைப் பழக்கம் மிகுந்த ஆண்கள் அவ்வேளையில் வயலிலோ கடலிலோ பட்டறையிலோ இருப்பர். அவர்களைச் சந்தையிலும், மீன் இறங்குதுறையிலும், தேயிலைத் தோட்டத்திலும், மாலையில் ஊர்ப் பொதுவிடத்திலும் சந்திக்க வேண்டும்.

அழைப்பு பொதுவாக இருத்தல் கூடாது. தண்டோராவும் சுவரொட்டியும் செய்தியைப் பரப்பும். ஆளை அழைத்து வருவது அரிது. “ஐயா, வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அளக்கிறோம். வேலைக்குப் போகுமுன் வந்து போய்விடலாம்; கால்மணி நேரம் போதும்” என்று பெயரறிந்து கூறும் சொல்லுக்கு வலிமை அதிகம். கால்மணி நேரம் என்று சொன்னால் கால்மணி நேரத்தில் அனுப்பிவிட வேண்டும்.

அச்சமூட்டுதல் நெடுநாள் பயன் தராது. அழுகிய பாதத்தின் படத்தைக் கண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைவிட, அதே ஊரில் பல ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு நலமாக உழைத்துவரும் ஒருவர், தாமே விரும்பி முன்வந்து கூறும் சொல் பயன் தரும். அவருடைய இசைவின்றி அவர் நோயைப் பிறரிடம் எடுத்துக் கூறுவது குற்றம். ஒருவருடைய அளவை வரிசையில் நிற்போர் கேட்குமாறு உரக்கப் படிப்பதும் அத்தகையதே.

சோதனைப் பட்டைகள் தீர்ந்திருப்பின் அன்று அழைத்தலாகாது. நாளை மாற்றி முன்கூட்டியே சொல்லியனுப்புவதில் இழுக்கில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதிலேயே இழுக்கு.

இரண்டாம் வருகையை உறுதியாக்கல்

முதல் நாள் கூட்டத்தைக் கண்டு பணி முடிந்ததாகக் கொள்வது பெருந்தவறு. சோதனையால் மட்டும் ஒருவருடைய இரத்த அழுத்தமும் குறைவதில்லை. மருந்தைத் தொடர்வதே நோயைத் தடுக்கிறது.

இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு 2017 நவம்பரில் இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கப்பட்டது. பஞ்சாப், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா, கேரளம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவிய இம்முயற்சி, 2022-ல் ஐக்கிய நாடுகளின் விருதைப் பெற்றது. இதன் வழிமுறைகள் மிக எளியவை. எல்லா நிலையங்களிலும் ஒரே சீரான சிகிச்சை முறை. மருந்து இருப்புத் தீராது காத்தல். மருத்துவரின் சுமையைச் செவிலியரும் பிற பணியாளரும் பகிர்ந்துகொள்ளல். நோயாளியின் வீட்டருகே அளவீடும் மாத்திரையும் கிடைக்கச் செய்தல். ஒவ்வொரு நோயாளியின் வருகையையும் பதிவு செய்து, வராதவரைத் தேடிச் செல்லல். ஒரு மாதத்திற்கான மாத்திரைகளை ஒருசேர அளிப்பதால், வாரந்தோறும் வேலையை விட்டு வரவேண்டிய தொல்லை நீங்குகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே நெறியில் மற்றோர் அடி முன்சென்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்குமான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிலேயே சேர்க்கின்றனர். நடக்க இயலாத முதியவருக்கும், கூலியை இழக்க இயலாத உழைப்பாளிக்கும் இரண்டாம் வருகை இவ்வாறு வீட்டு வாசலிலேயே நிறைவேறுகிறது.

பதிவேட்டில் ஒரு பெயர் தொடர்ந்து இரண்டு மாதம் விடுபட்டிருந்தால் அதனை அபாய அறிகுறியாகக் கொள்ள வேண்டும். அவ்வீட்டிற்குச் செல்லும் பணியாளர், “ஏன் வரவில்லை?” என்று கண்டிப்பதை விட்டு, “வருவதற்கு என்ன சிரமம்?” என்று கேட்பாராக. முந்திய கேள்விக்குச் சாக்கு கிடைக்கும். பிந்திய கேள்விக்கு உண்மை கிடைக்கும். மாத்திரையால் கால் வீங்கியது, மகன் வேலைக்குச் சென்றதால் அழைத்துவர ஆளில்லை, நிலையத்தில் யாரோ கடிந்து பேசினர் என்பன போன்ற விடைகள் வரலாம். ஒவ்வொன்றிற்கும் பரிகாரம் உண்டு. கால் வீக்கம் சில மருந்துகளின் அறிந்த விளைவே; மருத்துவரிடம் கூறினால் மருந்தை மாற்றுவார். கேளாமல் விட்டால் நோயாளி மருந்தையே கைவிடுவார்.

ஆசிரியரின் பங்கு

கிராமத்தில் அனைவரும் அச்சமின்றி வரக்கூடிய பொதுவிடம் பள்ளிக்கூடமே. பெற்றோர் கூட்டம் நடைபெறும் நாளில் ஓர் அறையில் இரத்த அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்தால், மருத்துவ நிலையத்தை மிதியாதவரும் கையை நீட்டுவர். 30 வயது நிறைந்த ஆசிரியர் முதலில் தம் கையை நீட்டுவது நீண்ட சொற்பொழிவைவிடச் சிறந்த போதனையாகும்.

மாணவரைக் கொண்டும் பயனுள்ள பணிகளைச் செய்யலாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு தேக்கரண்டி உப்பைப் பொட்டலமாகக் கட்டி வகுப்பில் காட்டி, ஊறுகாய், கருவாடு, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பைப் பற்றி விளக்கினால், அச்செய்தி அன்று மாலையே அடுக்களையை எட்டும். எழுத்தறியாத பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டி, அடுத்த வருகையின் நாளை நினைவூட்டும் பேரன், நிலையத்திற்கு ஓர் உதவியாளனே ஆவான். ஆனால், தந்தை பீடி குடிப்பதை வகுப்பில் எழுந்து சொல்லுமாறு மாணவனைத் தூண்டக் கூடாது. குடும்பத்தை வெட்கப்படுத்தும் போதனை, அக்குடும்பத்தைப் பள்ளியிலிருந்தும் நிலையத்திலிருந்தும் ஒருங்கே விலக்கிவிடும். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதனைச் செயற்படுத்துமாறு ஊராட்சியிடம் கோருவது ஆசிரியரின் தகுந்த கடமையாகும்.

பணியை அளக்கும் அளவுகோல்

எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர் என்ற எண்ணிக்கையே பெரும்பாலும் அறிக்கைகளில் முதலிடம் பெறுகிறது. அது தேவையான எண்ணிக்கையே, எனினும் போதுமானதன்று. அதனருகே வேறு மூன்று எண்ணிக்கைகளும் எழுதப்பட வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் மருத்துவரைக் கண்டனர்? மருந்து தொடங்கியவர்களில் எத்தனை பேர் இம்மாதம் மாத்திரை பெற்றனர்? அவர்களுள் எத்தனை பேருடைய இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்துள்ளது? நூறு பேரைச் சோதித்து எவரையும் பின்தொடராத நிலையத்தைவிட, நாற்பது பேரைச் சோதித்து அவர்களுள் நோய் கண்டவர் அனைவரையும் மருந்தில் நிலைநிறுத்திய நிலையம் மிகுதியான உயிர்களைக் காக்கும்.

இம்மூன்று எண்ணிக்கைகளையும் மாதந்தோறும் ஊர்க் கூட்டத்தில் பெயர் குறியாது படித்துக் காட்டுவது நலம். நிலையம் தங்களுக்கு என்ன செய்கிறது என்பதை மக்கள் அப்பொழுது அறிவர். மருந்து இருப்புக் குறைந்த மாதத்தில் அதனை ஊராட்சித் தலைவரும் அறிவர். மேலிடத்திற்கு எழுதும் கோரிக்கைக்கு ஊரின் ஆதரவும் கிட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அழைக்கச் செல்லும் பணியாளருக்கு அந்த நம்பிக்கையே பாதி வேலையை முடித்து வைக்கும்.